அப்பாவின் ரிட்ஸ் காருக்கு 15 ஆண்டு முடியப்போகிறது: புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா?

பொன்மணி (திருநெல்வேலி) கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

அப்பா கால்நடை மருத்துவர். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கத்து ஊர்களில் முப்பது ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தார். 2011 நவம்பரில் மாருதி சுசுகி ரிட்ஸ் டீசல் கார் வாங்கினார். இன்று வரை 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேறு யார் கைக்கும் போகாத வண்டி. இந்த நவம்பர் 14ஆம் தேதியோடு பதிவுச் சான்றின் 15 ஆண்டு முடிகிறது.

அவர் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் முழங்கால் வலி. மற்ற கார்களில் குனிந்து உள்ளே இறங்க வேண்டும், பெரிய வண்டிகளில் எட்டி ஏற வேண்டும். இதில் திண்ணையில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிடலாம் என்பார். சினை ஊசிக்கான திரவ நைட்ரஜன் குடுவையை முன் இருக்கைக்குப் பின்னால் நேராக நிறுத்தித் துணியால் கட்டிக்கொள்வார். குட்டி போட முடியாமல் தவித்த ஆட்டைப் பின் இருக்கையை மடக்கிப் படுக்கவைத்து இரவோடு இரவாக மருந்தகத்துக்குக் கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். இப்போதும் ஏ.சி. போட்டவுடன் முதல் நிமிடத்தில் லேசாக அயோடின் வாசனை வரும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அப்பா ஓட்டுவதில்லை. நான் கற்றுக்கொண்டு சனி, ஞாயிறுகளில் ஓட்டுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவார்.

சென்ற மாதம் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இந்த மாடலே நின்றுபோயிற்று, இனி ஒரு பாகமும் கிடைக்காது. 15 ஆண்டு முடிந்தால் அரசாங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும். இப்போதே கொடுத்தால் 65,000 தருகிறேன்" என்றார். அப்பா அவரிடம், "தம்பி, இது வெறும் மாருதி இல்லை. ஜெர்மன்காரர்களும் சேர்ந்து செய்த வண்டி" என்றார். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வயதானவர் ஏதோ சொல்கிறார், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள் என்பது போன்ற சிரிப்பு. அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

சென்னையில் இருக்கும் அண்ணன் கொடுத்துவிடு என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வரவில்லை என்பதற்காக ஆபத்தான வண்டியில் அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு போகவும் நான் விரும்பவில்லை.

நான் கேட்பது இவைதான். பாகங்கள் கிடைக்காது என்பது உண்மையா? பதிவைப் புதுப்பிக்க முடியுமா, முடியாதா? பணம் செலவழிக்கத் தகுந்த நிலையில் வண்டி இருக்கிறதா என்பதை என்னைப் போன்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மன்காரர்கள் சேர்ந்து செய்தது என்று அப்பா சொல்வது சரிதானா? கடைசிக் கேள்வி உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். எனக்கு அதுதான் முதல் கேள்வி.


ராஜகுரு (சென்னை) எழுதியது:

உங்கள் அண்ணன் பக்கம்தான் நானும். அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மற்றவர்கள் விளக்குவார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: காற்றுப்பை.

இந்தக் காரின் ஐரோப்பிய வடிவம் 2008இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. பலர் அதைச் சொல்லி ரிட்ஸ் பாதுகாப்பான கார் என்பார்கள். சோதனைக்குப் போன காரில் காற்றுப்பைகள் இருந்தன. உங்கள் அப்பாவின் காரில் ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 2011இல் இங்கே விற்ற டீசல் ரிட்ஸ்களில் பெரும்பாலும் இருக்காது. உருவம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த நட்சத்திரத்தை இந்த வண்டிக்குச் சூட்ட முடியாது.

எனக்கு நெருங்கிய ஒருவரை நாற்கர சாலை விபத்தில் இழந்தேன். காற்றுப்பை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 65,000 ரூபாய் குறைவுதான். இன்னும் நான்கு பேரிடம் கேளுங்கள். ஆனால் கொடுத்துவிடுங்கள்.


பட்டறை முருகன் (கோவில்பட்டி) எழுதியது:

தங்கச்சி, அப்பா சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பாகம் கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

டாக்டர் ஐயா சொன்னது சரி. சுசுகியும் ஜெர்மனியின் ஓப்பலும் சேர்ந்து உருவாக்கிய கார் இது. அப்போது ஓப்பல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது. அந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1981 முதலே சுசுகியில் பங்கு வைத்திருந்தது. அந்த உறவில்தான் 2000ஆம் ஆண்டில் சுசுகியின் வேகன் ஆர் காரை ஓப்பல் அஜிலா என்ற பெயரில் போலந்தில் தயாரித்தார்கள். அதன் அடுத்த தலைமுறையை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்தே வடிவமைத்தன. 2006இல் பாரிஸ் கண்காட்சியில் மாதிரியைக் காட்டினார்கள். 2008இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோது ஒரே கார் சுசுகி ஸ்ப்ளாஷ் என்றும் ஓப்பல் அஜிலா என்றும் இரண்டு பெயர்களில் வந்தது. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் அஜிலா. மூன்றும் ஹங்கேரியில் எஸ்டர்கோம் நகரத்தில் இருக்கும் சுசுகி ஆலையில் பிறந்தவை. நம் நாட்டில் 2009 மே மாதம் அதே காருக்கு ரிட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஐயாவின் வண்டி ஹரியானாவில் செய்தது. சேசிஸ் எண் எம்.ஏ.3 என்று தொடங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், பாதிக்குப் பாதி ஜெர்மனி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடித்தளம் ஸ்விஃப்டினுடையது. அந்தக் காலத்து ஸ்விஃப்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,390 மில்லிமீட்டர், இதில் 2,360. அடித்தளத்தைக் கொஞ்சம் சுருக்கி, கூரையை 1,620 வரை தூக்கி, இருக்கையை உயர்த்தி, கியர் கம்பைத் தரையிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். ஐயாவின் முழங்காலுக்குச் சுகமாக இருந்தது அதனால்தான்.

டீசல் எஞ்சின் இத்தாலிக்காரர்களுடையது. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக எஞ்சின் நிறுவனம் நடத்திய காலத்தில், 2003இல் வந்த 1,248 சி.சி. மல்டிஜெட். 75 குதிரைத்திறன். 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். ஆக, ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி மூன்று நாட்டுக் கையும் பட்ட வண்டி. அந்த வியாபாரிக்கு இது தெரியாதென்றால் அவர் சிரித்திருக்கக் கூடாது.

இனி பாகங்கள். ரிட்ஸை 2017இல் நிறுத்தினார்கள், அது உண்மை. ஆனால் அந்த எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று நாடு முழுக்க ஓடியது. மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே கைவிடும் வரை அதைப் போட்டார்கள். வாடகை டிசையர்கள் இன்றும் அதில்தான் சம்பாதிக்கின்றன. எஞ்சின், கிளட்ச், டர்போ, பிரேக் எதற்கும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. என் பட்டறைக்கு இரண்டு கடை தள்ளியே கிடைக்கிறது. ரிட்ஸுக்கென்றே உள்ள உடம்புப் பாகங்கள்தான் சிரமம்: வளரிபோல வளைந்த பின் விளக்கு, பம்பர், கதவு, டேஷ்போர்டு. அவை உடைந்தால் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுக்க வேண்டும், நாளாகும். பின் விளக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை நீங்களே சோதிக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைப்பது பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான். அதை இழுத்துப் பிடித்து வைப்பது எண்ணெயின் அழுத்தம். ஸ்டார்ட் ஆனவுடன் ஓரிரு நொடி கரகரவென்று சத்தம் கேட்டு, அழுத்தம் வந்ததும் அடங்கிவிட்டால் கவலையில்லை. அடங்காமல் தொடர்ந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. எண்ணெய் மாற்றாமல் காலம் கடத்துபவர்களுக்குத்தான் இது வரும். செயின் பல் தாண்டிவிட்டால் வால்வு பிஸ்டனில் மோதிவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டும். ஐயா எண்ணெய் மாற்றிய கணக்கு எழுதி வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைவிட அந்தக் காகிதத்தை நான் நம்புவேன்.

எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வரலாம். சோற்றுப் பானையைத் திறந்ததுபோலக் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் இடங்களைச் சுற்றிக் கருப்பாகத் தார்போல இறுகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு செப்பு வாஷர் இருக்கும், சின்ன விலை. அதை மாற்றாமல் விட்டால் கரி கசிந்து கசிந்து இன்ஜெக்டரே கழற்ற வராமல் பற்றிக்கொள்ளும்.

நான் பயப்படுவது எஞ்சினுக்கு இல்லை, துருவுக்கு. உங்கள் அப்பா ஓட்டிய ஊர்கள் கடல் காற்று அடிக்கும் ஊர்கள். மேலே பளபளப்பாக இருந்துகொண்டு அடியில் அரிசித் தவிடாக உதிரும் வண்டிகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன். வண்டியை லிஃப்டில் தூக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு டங்கென்று சொல்லும். துரு தின்ற தகடு பொத்தென்று சொல்லும். காதே காட்டிக்கொடுத்துவிடும், அனுபவம் தேவையில்லை. முன் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் சேரும் இடம், பின் அச்சு மாட்டியிருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் விளிம்பு, இந்த மூன்றையும் விடாதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கிவிடும். அங்கேதான் துரு தொடங்கும்.

அச்சும் ஆர்மும் மாட்டும் இடங்களில் பொத்தென்று கேட்டால், தங்கச்சி, நான் இவ்வளவு சொன்னதையும் மறந்துவிட்டு வண்டியைக் கழித்துவிடுங்கள். அங்கே ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. என் பட்டறையில் அந்த ஒட்டு வேலையை நான் செய்வதில்லை, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பதிவு விஷயம். அரசாங்கம் எடுத்துக்கொண்டு போகும் என்பது பொய். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று செய்தியில் வந்தது டெல்லி வட்டாரத்துக்கு. நம் ஊரில் சொந்த உபயோகக் காரை 15 ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். படிவம் 25. காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. விண்ணப்பிக்கத் தாமதித்தால் மாதத்துக்கு 500 வீதம் ஏறும்.

ராஜகுரு தம்பி சொன்ன காற்றுப்பை விஷயத்தை நான் மறுக்கவில்லை. அதைப் பின்னால் வாங்கிப் பொருத்தவும் முடியாது. வண்டியை வைத்துக்கொண்டால் நாற்கர சாலையில் நீண்ட தூரம் போக அதை எடுக்காதீர்கள். ஊருக்குள், அக்கம்பக்கத்துக்கு, நிதானமான வேகத்தில். இதை நீங்களே ஒரு விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.


வதனி (ஹம், ஜேர்மனி) எழுதியது:

பொன்மணி, உங்கள் கேள்வியைப் படித்ததும் வெளியே போய் எனது காரைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். இங்கே முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக நான் ஓட்டுவது ஓப்பல் அஜிலா. 2010ஆம் ஆண்டுக் கார், 1.2 லீற்றர் பெற்றோல். எனக்கு முன் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். ஒரு வேலை நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று வீடுகள். அப்படியென்றால் இருபத்தைந்து தடவையாவது ஏறி இறங்க வேண்டும். திண்ணையில் உட்காருவதுபோல என்று உங்கள் அப்பா சொன்னாரே, அந்தச் சொல்லை நான் இவ்வளவு காலமும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கும் முழங்கால் நோ உண்டு. பார்க்கப் போகும் பாட்டிமாரைச் சில வேளை வைத்தியரிடம் கூட்டிப் போவதுண்டு. தொண்ணூறு வயதுப் பெண்மணி ஒருவர் இந்தக் காரில் மட்டும்தான் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறுவார்.

முன்முகம் உங்களுடையதிலிருந்து வேறுபடும். ஓப்பலின் மின்னல் சின்னம் இருக்கும், விளக்கும் வேறு. பின்னால் வந்து பார்த்தால் அதே வளைந்த விளக்குத்தான். ஒருமுறை இங்குள்ள கராஜில் காற்று வடிகட்டியை மாற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்ரிக் துண்டில் சுசுகி என்ற எழுத்தைக் கண்டேன். பிழையாக ஏதோ பூட்டிவிட்டார்களோ என்று கேட்டேன். திருத்துபவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கார் ஹங்கேரியில் சுசுகியின் தொழிற்சாலையில் செய்தது என்று நின்று விளங்கப்படுத்தினார். உங்கள் வீட்டுக்கு வந்த மனிதரும் அப்படி இருந்திருக்கலாம்.

துருவைப் பற்றி முருகன் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. உங்களுக்குக் கடல் உப்பு, எங்களுக்குப் பனிக்காலத்தில் வீதியில் போடும் உப்பு. இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடியில் தகடு பலமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். சென்ற முறை எனக்குச் சான்று கிடைத்ததற்கு ஒரே காரணம், நான்கு ஆண்டுகளுக்கு முன் கதவுக்குக் கீழேயுள்ள அந்தப் பெட்டித் தகட்டுக்குள் மெழுகு அடித்து வைத்ததுதான். மெல்லிய குழாயை அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு அடிப்பார்கள். ஓட்டையை மட்டும் மெழுகால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரிலும் செய்வார்கள் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் இடது கையால் மாற்றிய அதே கியரை இங்கே நான் வலது கையால் மாற்றுகிறேன். ஆவணி, ஆடி என்று எங்கள் காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் இனி அவரது நினைவும் வரும்.


பொன்மணி (திருநெல்வேலி) மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னவற்றைச் செய்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

அப்பாவிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. எனக்கே தெரியாது. டீசல் நிரப்பியது, எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் தேதியோடு, கிலோமீட்டரோடு. மாட்டுக்குப் போட்ட ஊசிக் கணக்கை எழுதிய அதே கையெழுத்து. 2023 வரை எண்ணெய் ஒருமுறைகூடத் தவறவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான், போன ஆண்டு பிப்ரவரி. அதாவது நான் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் விட்டுப்போயிருக்கிறது. குறைவாகத்தானே ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன். இது என் தவறு.

காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். இரண்டு நொடி சத்தம், பிறகு அடங்கிவிட்டது. மூடியைத் திறந்தபோது ஆவி மிகக் குறைவு. மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் கருப்பாக இருந்தது. முருகன் அண்ணன் சொன்ன அதே தார்.

சனிக்கிழமை இங்கே ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றினோம். அப்பா கைத்தடியோடு கீழேயே நின்றார். நானே ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் முதலில் வேண்டாம் என்று நினைத்தார், பிறகு அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். லோயர் ஆர்ம் சேரும் இரண்டு இடங்களும் டங். பின் அச்சின் இரண்டு பக்கமும் டங். இடது பின் கதவுக்குக் கீழே வந்தபோது சத்தம் மாறியது. உள்ளங்கை அளவுக்குப் பொத்.

அங்கே இருந்த ஓட்டையைக் கம்பியால் குத்தினார்கள். முதலில் தண்ணீர் சொட்டியது. அடுத்து ஈரமான சிவப்பு மண், ஒரு கை நிறைய. அப்பா குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "குதிரைமொழித் தேரி மண்" என்றார். அந்தச் செம்மணல் தேரிக்காட்டு வழியாக எத்தனை ராத்திரி போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

அச்சு மாட்டும் இடத்திலிருந்து அது தள்ளியிருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, வதனி அக்கா சொன்னபடி உள்ளே மெழுகும் அடித்தார்கள். முன்பக்க புஷ்கள், இன்ஜெக்டர் வாஷர், எண்ணெய், டீசல் வடிகட்டி எல்லாம் சேர்த்து 31,200 ரூபாய். அண்ணனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். காற்றுப்பை இல்லாததையும் சொன்னேன். நாற்கர சாலையில் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு பாதிப் பணத்தை அவரே அனுப்பினார். ராஜகுரு அவர்களுக்கு: நீங்கள் எழுதியதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். சென்னைக்குப் போவதென்றால் இனி ரயில்தான்.

வதனி அக்கா, உங்கள் பதிலை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால், நிறுத்தி வைத்த காரில் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வலது கையால் கியரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கியர் கொஞ்சம் பிடிக்கிறது, அந்த அம்மாவுக்கும் அப்படியா என்று கேட்கச் சொன்னார்.


வதனி (ஹம், ஜேர்மனி) எழுதியது:

குளிர்ந்த காலைகளில் எனக்கும் அப்படித்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு வீதி ஓடிச் சூடேறினால் சரியாகிவிடும்.


பட்டறை முருகன் (கோவில்பட்டி) எழுதியது:

சூடேறிய பிறகும் பிடித்தால் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள், பலர் அதை மாற்றுவதே இல்லை. நோட்டில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

நவம்பர் 14 காலாவதி என்றால் செப்டம்பர் 15இலிருந்து விண்ணப்பிக்கலாம். காப்பீடும் புகைச் சான்றும் அந்தத் தேதியில் உயிரோடு இருக்க வேண்டும். இடது பக்கம் ஓட்டை அடைத்திருந்தால் வலது பக்கமும் அடைத்திருக்கும், அதையும் கம்பியால் குத்திவிட்டீர்களா? ஐப்பசி மழைக்கு முன் நான்கு கதவுக்கும் அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.